எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கடைக்குப் போகிறவர்களில் பலர், நிறம் பிடித்த ஒன்றைக் காட்டி எடுக்கச் சொல்வார்கள். உடனே ஆம்பில் (ஒலியைப் பெரிதாக்கும் கருவியில்) மாட்டி, ஒலியைக் கூட்டி, நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பார்கள். ஆம்ப் ஓடத் தொடங்கியதும் காது மயங்கிவிடும். கண்ணும் கையும் கவனிக்க வேண்டியது அப்படியே நின்றுவிடும். அதனால் ஆம்பைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிட்டாரைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள்.

இன்று விற்கும் சாலிட் பாடி, அதாவது உள்ளே கூடில்லாத, கிட்டார்களில் பெரும்பாலானவை மூன்று பழைய கிட்டார்களின் வாரிசுகள்: ஃபெண்டர் டெலிகாஸ்டர் (சுருக்கமாக டெலி), கிப்சன் லெஸ் பால், ஃபெண்டர் ஸ்டிராட்டோகாஸ்டர் (ஸ்டிராட்). 1950-க்கும் 1954-க்கும் இடையில், ஐந்தே ஆண்டுகளுக்குள் வந்தவை இவை. இவற்றில் இருக்கும் ஒவ்வொரு திருகும் வளைவும் யாரோ ஒருவரின் தொல்லையைத் தீர்க்க வைக்கப்பட்டது. அந்தத் தொல்லை என்ன என்று தெரிந்துவிட்டால், பெயர் தெரியாத எந்தக் கம்பெனிக் கிட்டாரைக் கையில் கொடுத்தாலும் உங்களால் படித்துவிட முடியும்.

ஏன் உள்ளே கூடு இல்லை

முதல் தொல்லை ஊளை. 1930களில் கிட்டாரிஸ்ட்டுகள் பெரிய டான்ஸ் குழுக்களில் வாசித்தார்கள். டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ் நடுவே கிட்டார் சத்தம் கேட்கவே கேட்காது. சரி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வைத்து ஆம்பில் கொடுக்கலாம் என்றால், வேறொரு வம்பு வந்தது. உள்ளே கூடு உள்ள கிட்டார் ஒரு பெட்டி. ஸ்பீக்கரின் சத்தம் அந்தப் பெட்டியை அதிரவைக்கும், பெட்டி கம்பியை அதிரவைக்கும், கம்பியின் அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். சுற்றிச் சுற்றி வளர்ந்து கடைசியில் ஊளையிடும்.

பெட்டியை எடுத்துவிட்டுக் கட்டையாகவே செய்தால் என்ன என்று பலருக்கு ஒரே காலத்தில் தோன்றியது. ஜார்ஜ் போஷாம்ப், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் இருவரும் 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த வார்ப்பு அலுமினிய ஹவாயியன் கிட்டார் பார்ப்பதற்கு வறுவல் சட்டி போலவே இருக்கும். அதன் செல்லப் பெயரும் ‘ஃபிரையிங் பான்’தான். அதை மடியில் வைத்து வாசிப்பார்கள். அப்புறம் லெஸ் பால் என்ற கலைஞர் (கிப்சன் கிட்டாருக்கு இவர் பெயர்தான்), 1940-ஐ ஒட்டி, நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டையில் கம்பி மாட்டினார். பார்வைக்குக் கிட்டார் போல இருக்கட்டும் என்று ஒரு சாதாரண கிட்டாரை அறுத்து இரு பக்கமும் ஒட்டினார். அதற்குப் பெயரே ‘லாக்’, அதாவது மரக்கட்டை. 1948-ல் கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி, மெர்ல் டிராவிஸுக்காக ஒரு சாலிட் பாடி கிட்டார் செய்தார். ஆறு முறுக்காணியும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக இருக்கும் அந்த அமைப்பை இன்று எல்லோரும் ஃபெண்டரின் அடையாளம் என்றே நினைக்கிறார்கள்.

ஆனால் இவை எல்லாம் ஒன்று ஒன்றாகச் செய்தவை, அல்லது மடியில் வைத்து வாசிப்பவை. தோளில் மாட்டி வாசிக்கும் சாலிட் பாடி கிட்டாரைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்க வழி கண்டவர் ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவர்.

முதல் படி: முதுகில் நாலு திருகு உண்டா?

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது அவருடைய பெரிய பலமாகவே தோன்றுகிறது. வயலின் செய்கிறவர்களின் பரம்பரை வழக்கம் எதுவும் அவரைக் கட்டிப்போடவில்லை. பழுதான ரேடியோவைக் கழற்றி, கெட்ட பாகத்தை எடுத்துவிட்டு, நல்ல பாகத்தைப் போடுகிற மனிதர் கிட்டாரையும் அப்படியே பார்த்தார். நெக் (கிட்டாரின் நீண்ட கழுத்து) கெட்டுப்போனால் கழற்றி வேறு நெக் மாட்டிக்கொள்ளலாம். அதை ஏன் பசை போட்டு ஒட்ட வேண்டும்?

அந்தக் கேள்விக்கான பதில் இன்றும் கிட்டாரின் முதுகில் இருக்கிறது. நெக்கும் பாடியும் சேருமிடத்தில் ஒரு செவ்வக உலோகத் தகடும் அதில் நாலு திருகும் தெரிந்தால் அது ஃபெண்டர் வழி. தகடு இல்லாமல், நெக்கின் அடிப்பகுதி பாடிக்குள் செருகி ஒட்டப்பட்டிருந்தால் அது கிப்சன் வழி. ஒட்டிய நெக்தான் உயர்வு என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதை நம்பி அதிகப் பணம் கொடுக்காதீர்கள். திருகு வைத்த நெக்கில் கோணம் தவறாக இருந்தால், இடையில் மெல்லிய தகடு செருகிச் சரிசெய்யலாம். ஒட்டிய நெக்கில் கோணம் தவறினால் பெரிய செலவு. புதிதாகக் கற்பவருக்குத் திருகு வைத்ததே பாதுகாப்பு.

இணைப்பைப் பார்க்கும்போது இடைவெளியையும் கவனியுங்கள். நெக்குக்கும் பாடிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு சுலபமாக உள்ளே போகிறது என்றால் வேலை சுத்தமில்லை. நெக்கை மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது.

ஃபெண்டர் 1950-ல் வெளியிட்ட கிட்டார்களுக்கு எஸ்க்வயர், பிராட்காஸ்டர் என்று பெயர். ஆரம்ப எஸ்க்வயர்களில் நெக்குக்குள் இரும்புக் கம்பி இல்லை. கம்பிகளின் இழுவையில் நெக் வளைந்தது. உடனே டிரஸ் ராட் என்ற அந்த இரும்புக் கம்பியைச் சேர்த்தார்கள். முன்பக்கம் தனியாக ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தும் பலகை) ஒட்டாத ஒரே துண்டு மேப்பிள் நெக் என்பதால், பின்பக்கம் பள்ளம் தோண்டி அந்த ராடை வைத்து, மேலே கருமையான மரத்துண்டால் மூடினார்கள். இன்றும் பல ஃபெண்டர் வகை நெக்குகளின் பின்னால் நீளமாக ஓடும் பழுப்புக் கோடு அந்த மூடிதான். அழகுக்காகப் போட்டது என்று நானும் பல வருஷம் நினைத்திருந்தேன்.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘பிராட்காஸ்டர்’ போலவே ஒலிக்கும் பெயரில் கிரெட்ச் கம்பெனி டிரம்ஸ் விற்றுக்கொண்டிருந்தது. 1951 தொடக்கத்தில் அவர்கள் தந்தி அடித்து ஆட்சேபம் சொன்னார்கள். லியோ இருந்த ஸ்டிக்கர்களில் அந்தப் பெயரை மட்டும் கத்தரித்துவிட்டு ‘ஃபெண்டர்’ என்பதை மட்டும் ஒட்டிக் கிட்டார்களை அனுப்பினார். பெயரில்லாத அந்தச் சில மாதத்துக் கிட்டார்களை இன்று ‘நோகாஸ்டர்’ என்று தேடி அலைகிறார்கள். அப்புறம் வந்த பெயர்தான் டெலிகாஸ்டர். டெலிவிஷன் புதிதாக வந்த காலம் அது.

இரண்டாவது: நீளத்தை அளந்து பாருங்கள்

தையல் டேப் ஒன்று கையோடு கொண்டுபோங்கள். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டு நட். அதிலிருந்து 12-வது ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஸ்கேல் நீளம். ஃபெண்டர் வழியில் 25.5 அங்குலம், கிப்சன் வழியில் 24.75 அங்குலம் இருக்கும்.

முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். கையில் நன்றாகவே தெரியும். அதே கம்பியை அதே சுருதிக்கு முறுக்கினால், நீளமானதில் இழுவை அதிகம். கம்பி விறைப்பாக இருக்கும், ஒலி சற்று மணி போலத் துல்லியமாக வரும். குட்டையானதில் கம்பி மெத்தென்று வளையும். ஃபிரெட்டுகளும் சற்று நெருக்கம். கை சிறியதாக இருப்பவர்களுக்கும், கம்பியை இழுத்து வளைத்து கமகம் போல வாசிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் குட்டை ஸ்கேல் இதமாக இருக்கும். இதில் எது சிறந்தது என்ற வழக்கே தேவையில்லை. இரண்டிலும் பத்து நிமிஷம் வாசித்தால் உங்கள் விரலே சொல்லிவிடும்.

மூன்றாவது: பிக்கப்

எலக்ட்ரிக் கிட்டாரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். தலைமுடி அளவே தடிமனான கம்பி, ஸ்டிராட் வகையில் சுமார் 8000 சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அந்த அசைவு செம்புச் சுருளில் நுண்ணிய மின்னோட்டத்தைக் கிளப்புகிறது. ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. இங்கே காற்றுக்கு வேலையே இல்லை. நைலான் கம்பி மாட்டினால் எலக்ட்ரிக் கிட்டார் ஊமையாகிவிடுவது இதனால்தான்.

ஒற்றைச் சுருள் உள்ளது சிங்கிள் காயில். டெலியிலும் ஸ்டிராட்டிலும் இதுதான். ஒலி தெளிவாக, பளிச்சென்று, விரல் நகம் கம்பியில் படுவதுகூடக் கேட்கும்படி வரும். ஆனால் அந்தச் சுருள் சுற்றுப்புறத்து மின்காந்தப் புலத்தையும் பிடித்துக்கொள்ளும் ஏரியல். வீட்டு மின்சாரம் நம் ஊரில் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய் வருகிறது. அந்த ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் ஆம்பில் கேட்கும். டியூப்லைட் பக்கத்தில் போனால் இன்னும் கூடும். கிட்டாரைப் பிடித்தபடியே மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் இரைச்சல் குறையும், இன்னொரு திசையில் ஏறும். இப்படித் திசைக்குத் திசை மாறினால் பழுது எதுவும் இல்லை, அது அந்தப் பிக்கப்பின் இயல்பு.

இந்த இரைச்சலைத் தீர்க்க முனைந்தவர் கிப்சனின் பொறியாளர் சேத் லவர். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டாவதில் சுருளின் திசையையும் மாற்றினார், காந்தத்தின் முனையையும் மாற்றினார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக வந்து ஒன்றை ஒன்று அழித்துவிடும். கம்பியின் ஒலிக்கோ இரண்டு மாற்றமும் சேர்ந்து விடுவதால், அது ஒன்றோடொன்று கூடி வரும். எவ்வளவு எளிமையான கணக்கு! 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1957 முதல் லெஸ் பால்களில் வந்தது. இரைச்சலை அடக்குவது என்பதால் ஹம்பக்கர் என்று பெயர். இரைச்சலைத் தீர்க்கப் போய் ஒலியே மாறிவிட்டது. பளிச்சென்ற தன்மை குறைந்து, தடித்து, இனிப்பாக, ஆம்பைத் திணறடிக்கும் பலத்தோடு வந்தது.

அந்த ஆரம்ப ஹம்பக்கர்களின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் ‘பி.ஏ.எஃப்’ என்று சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பிறகு வந்த ஸ்டிக்கரில் காப்புரிமை எண் போட்டார்கள். ஆனால் அந்த எண் ஹம்பக்கருடையதே அல்ல, கலைஞர் லெஸ் பாலுக்கு, கம்பி மாட்டும் தகட்டுக்காகக் கிடைத்த காப்புரிமையுடையது.

பிக்கப்பைச் சோதிக்க ஒரு வழி: ஆம்பை மெதுவாக வைத்து, சிறிய இரும்பு ஸ்குரூடிரைவரால் ஒவ்வொரு பிக்கப்பையும் லேசாகத் தொடுங்கள். ‘டொக்’ என்று கேட்டால் உயிர் இருக்கிறது. சுவிட்சை ஒவ்வொரு இடத்துக்கும் தள்ளித் தள்ளித் தொட்டால், எந்த இடத்தில் எது வேலை செய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சுவிட்ச் என்றதும் ஸ்டிராட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் மூன்று பிக்கப், சுவிட்சில் மூன்றே இடம், ஒரு நேரத்தில் ஒரு பிக்கப் என்பதுதான் லியோவின் கணக்கு. வாசித்தவர்கள் சுவிட்சை இரண்டு இடங்களுக்கு நடுவில் சிக்கவைத்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். மூக்கடைத்தது போல, ஆனால் கண்ணாடி போலத் தெளிவான ஒலி. தீக்குச்சியைச் செருகி நிறுத்தியவர்களும் உண்டு. ஃபெண்டர் கம்பெனி ஐந்து இட சுவிட்சைத் தானே போட்டுத் தந்தது 1977-ல். 23 வருஷம் ஆனது! இன்று ஸ்டிராட் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் அந்த நடு ஒலிக்காகவே வாங்குகிறார்கள் என்பேன்.

நாலாவது: பிரிட்ஜும் தலையும்

டெலியின் பிரிட்ஜில் (பாடியில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) கம்பி உட்காரும் சேடில்கள் மூன்றே, ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி. மேல் ஃபிரெட்டுகளில் சுருதி நூல் பிசகாமல் நிற்காது. ஸ்டிராட்டில் ஆறு கம்பிக்கு ஆறு சேடில், கூடவே கையால் ஆட்டும் பிடி. ஆட்டினால் பிரிட்ஜ் முழுவதும் சாயும், பின்னால் ஸ்பிரிங்குகள் அதை இழுத்து நிறுத்தும். முதுகில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அவை தெரியும். விலை குறைந்த கிட்டார்களில் இந்தப் பிடிதான் அதிகம் கழுத்தறுக்கும். ஒரு முறை ஆட்டினால் சுருதி போய்விடும். புதியவர் கிட்டார் வாசிக்கக் கற்பதா, நாள் முழுக்கச் சுருதி சேர்ப்பதா? முதல் கிட்டாரில் பிடி இல்லாமலிருப்பது நல்லது.

லெஸ் பாலின் முதல் வடிவம் இதைவிடச் சோகம். மிச்சிகனின் கலமாஸூ தொழிற்சாலையில் 1952-ல் செய்தபோது நெக்கைப் போதிய சாய்வில்லாமல் வைத்துவிட்டார்கள். கம்பிகளைப் பிரிட்ஜின் மேல் ஏற்றினால் ஃபிங்கர்போர்டிலிருந்து எட்ட நின்றன. அதனால் பிரிட்ஜின் அடியில் சுற்றி மாட்டினார்கள். வலது உள்ளங்கையைக் கம்பிமேல் வைத்து ஒலியை அடக்கி வாசிக்கும் வழக்கமான முறை இதனால் கைகூடவில்லை. 1953-ல் நெக் சாய்வை மாற்றி, வேறு பிரிட்ஜ் வைத்துச் சரிசெய்தார்கள். ஆறு சேடிலும் தனித்தனியாக நகரும் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் 1954-ல் வந்தது. பெரிய கம்பெனியும் முதல் தடவை தடுமாறும். பழைய பொருள் என்பதாலேயே எல்லாம் நல்ல பொருள் ஆகிவிடாது.

இப்போது தலையைப் பாருங்கள். ஃபெண்டரில் தலை நெக்கோடு நேர்கோட்டில் தட்டையாக இருக்கும். கிப்சனில் சுமார் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். சாய்வு நட்டின் மேல் கம்பியை நன்றாக அழுத்தி உட்காரவைக்கும், உண்மைதான். ஆனால் சாய்வாக வெட்டும்போது மரத்தின் ரேகை குறுக்கே போய்விடுகிறது. அதே இடத்தில் டிரஸ் ராடுக்குக் குழியும் தோண்டியிருப்பார்கள். கிட்டார் ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால் முறிவது அங்கேதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷம் முன்பு ஒருவரிடம் லெஸ் பால் வகைக் கிட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கறுப்புப் பெயின்ட், பளபளவென்று இருந்தது. மாதம் இரண்டு ஆனதும் தினமும் சுருதி இறங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது நட்டுக்குப் பின்னால், பெயின்டின் மேல் ஒரு மயிரிழை அலை. நகத்தால் தடவினேன், நகம் தட்டியது. முறிந்ததை ஒட்டிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கிட்டாரை எடுத்தாலும் முதலில் நட்டுக்குப் பின்புறம் நகத்தால் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை. நீங்களும் தடவிப் பாருங்கள்.

மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஃபெண்டர் முதலில் ஆஷ், 1956-க்குப் பிறகு பெரும்பாலும் ஆல்டர். லெஸ் பாலில் மகாகனி மேல் மேப்பிள் மூடி. எடை கையில் தெரியும். லெஸ் பால் நாலு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். இரண்டு மணி நேரம் தோளில் மாட்டிப் பாருங்கள். ஃபிங்கர்போர்டில் மட்டும் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. பிரேசில் ரோஸ்வுட் அருகிப்போனதும் உலகக் கிட்டார்க்காரர்கள் இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்தார்கள். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி.

ஐந்தாவது: கையால் சோதிப்பது

இனி வாசித்துப் பார்க்கலாம், இன்னும் ஆம்ப் இல்லாமல். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இருந்தால் சரியான வளைவு. இடைவெளியே இல்லையென்றாலும், கார்டு மூன்று நாலு சேர்த்து நுழைந்தாலும் டிரஸ் ராடைத் திருக வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. கடைக்காரர் ‘அது திருகினால் சரியாகிவிடும்’ என்றால், ‘இப்போதே திருகிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். பழைய கிட்டாரில் ராட் இறுகிப் போயிருப்பதுண்டு.

ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக மெதுவாக வாசியுங்கள். ‘ஸ்ர்ர்’ என்று எங்கே உரசுகிறது என்று கேளுங்கள். நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃபிரெட் முனை குத்தக் கூடாது. பழைய கிட்டார் என்றால் முதல் மூன்று ஃபிரெட்டுகளில் கம்பி தின்ற பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். ஃபிரெட் மாற்றும் செலவு சில நேரம் கிட்டார் விலையையே எட்டும்.

அடுத்து போனில் உள்ள ட்யூனர் ஆப். கம்பியின் சுருதியைச் சேர்த்துவிட்டு, 12-வது ஃபிரெட்டின் நேர்மேலே லேசாகத் தொட்டு மணி ஒலி எடுங்கள். பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தினால் சுருதி ஏறுகிறது என்றால் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும்; இறங்குகிறது என்றால் முன்னால். இது குறையில்லை, ஐந்து நிமிஷ வேலை. ஆனால் சேடில் கடைசி வரை தள்ளியும் சரியாகவில்லை என்றால் அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது ஆம்பைப் போடுங்கள். ஒலி, தொனிக் குமிழ்களைத் திருகுங்கள். ‘கரகர’ என்றால் தூசு, சுலபமாகத் தீரும். கேபிள் செருகும் இடத்தை ஆட்டிப் பாருங்கள். விட்டு விட்டு வந்தால் உள்ளே சால்டரிங் விட்டிருக்கும்.

எதை வாங்குவது?

என்னைக் கேட்டால் முதல் கிட்டாருக்கு டெலி வகை. கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. இரண்டு பிக்கப், இரண்டு குமிழ், ஒரு சுவிட்ச், அசையாத பிரிட்ஜ். நீங்கள் தவறாக வாசித்தால் மறைக்காமல் சொல்லிவிடும். கனமான, நீண்டு நிற்கும் ஒலிதான் மனதில் இருக்கிறது என்றால் லெஸ் பால் வகை. இந்த லெஸ் பாலைத்தான் 1961-ல் கிப்சன் அந்த வடிவத்தில் செய்வதை நிறுத்தியது. 1966-ல் எரிக் கிளாப்டன் ஜான் மயால் குழுவின் பதிவில் பழைய லெஸ் பாலைப் பெரிய ஒலியில் வாசித்த பிறகு எல்லோரும் தேட ஆரம்பித்தார்கள். 1968-ல் மறுபடி செய்தார்கள். ஸ்டிராட் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும். விலா எலும்பில் குத்தாதபடி பின்பக்கம் செதுக்கிய வளைவு அதில் தொடங்கியதுதான். ஒரு முறை உடம்போடு சாய்த்துப் பிடித்தால் பிறகு டெலியின் விளிம்பு கொஞ்சம் உறுத்தும்.

வாங்கிய அன்றே புதுக் கம்பி மாட்டுங்கள், கற்பவருக்கு ஒன்பது அல்லது பத்து நம்பர் தடிமன் போதும். 12-வது ஃபிரெட்டில் தடித்த கம்பியின் உயரத்தை ஸ்கேலால் அளந்து, ஒரு தாளில் தேதியோடு எழுதிக் கிட்டார் பைக்குள் வையுங்கள். இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. மழைக்காலம் வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். மரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அந்தத் தாள் காட்டும்.